மேடைக்கு முதுகு காட்டும் உத்தியோகம்

நகரத்தின் நட்டநடுவில் இருக்கிற அந்தப் பெரிய அரங்கத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். இன்றுவரை ஒரு ஆட்டம் பார்த்ததில்லை, ஒரு கச்சேரி பார்த்ததில்லை. ஏனென்றால் என் வேலை கூட்டத்தைப் பார்ப்பது. தடுப்புக் கம்பிக்கு முன்னால், நடக்கிற கூத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எவன் பாட்டிலை வீசுகிறான், எவன் கம்பியைத் தாண்டுகிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கூடையில் பந்து விழுந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பதினெட்டாயிரம் வாய் ஒரே சமயத்தில் பிளக்கும். முதல் வரிசைக்காரர்களில் யாருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை என்பதுகூட எனக்குத் தெரியும்.

நான் சேர்ந்தபோது அரங்கத்துக்கு ஒரு சோப்புக் கம்பெனியின் பெயர். அப்புறம் ஒரு பெயின்ட் கம்பெனி, அப்புறம் ஒரு வங்கி. இப்போது மெத்தைக் கம்பெனி. பெயர் மாறும்போதெல்லாம் எங்கள் மஞ்சள் ஜாக்கெட்டும் மாறும். பெண்கள் கழிப்பறையின் உடைந்த தாழ்ப்பாள் மட்டும் எந்தக் கம்பெனிக்கும் அசைந்து கொடுக்கவில்லை. இப்போதைய ஜாக்கெட்டின் முதுகில் ‘நிம்மதியாகத் தூங்குங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழு மணி நேரம் நின்றபடியே இருக்கிறவள் முதுகில் எழுதத் தோன்றியிருக்கிறதே, அந்தப் புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் கோடு. மேலே கண்ணாடி அறையில் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளர் நோட்டில் போடுவார். மூன்று கோடு விழுந்தால் வேலை போச்சு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். பேச ஆரம்பிப்பதற்கு முன் உதட்டைக் குவித்து ஒரு ஊது ஊதுவார். என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டேதான் கோடு போடுவார்.

எனக்கு ஏற்கெனவே இரண்டு கோடு. ஒன்று, கால் வீங்கிப்போய்ப் படியில் உட்கார்ந்ததற்கு. இன்னொன்று, பின்னால் என்னவோ வெடித்ததும் திரும்பியதற்கு. ஆட்டக்காரர்களை வரவேற்கப் பட்டாசு விட்டிருக்கிறார்கள். அது நிஜக் குண்டாகவே இருந்தாலும் திரும்பாமல் சாக வேண்டும் என்பது விசிலின் கட்சி.

இந்த லட்சணத்தில்தான் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓடிவந்து, இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் அரங்கத்தில் பாடப் போகிறார்கள் என்றாள். மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. குளிக்கும்போது பாட்டு, சாக்ஸ் மாட்டும்போது பாட்டு.

"மூணாவது வரியில ஒரு இடம் ரொம்ப மேல போகும்மா. பாதிப் பேருக்கு எட்டல. எனக்கு எட்டும். அந்த இடத்துல நீ பாக்கணும்."

"பாக்காம? ஒரே ஒரு தடவை திரும்பிடுவேன். சத்தியம்."

விசிலிடம் போய் அன்று மட்டும் லீவு கேட்டேன். ஊதினார். "ஃபைனல் அன்னைக்கா? விளையாடுறீங்களாக்கா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்து மனசு இளகி, பெரிய உபகாரம் ஒன்று செய்தார். மேல் கேலரியிலிருந்து என்னை எடுத்து முதல் வரிசைக்கு முன்னால் போட்டார். "உங்க பொண்ணு நிக்கிற இடத்துக்குப் பத்தடிதான்கா. சந்தோஷமா?"

பத்தடிதான். முதுகுக்குப் பின்னால்.

என் வீட்டுக்காரருக்கு அன்று ஷிஃப்ட். ஆகவே என் நாத்தனாரைக் கேட்டேன். மாடியில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்து, பாட்டு முழுவதையும் ஃபோனில் எடுக்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "கவலையே படாதீங்க அண்ணி, அவளத் தவிர வேற எதையும் எடுக்க மாட்டேன்" என்றாள். புதுச் சட்டை வேறு வாங்கிக்கொண்டாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு விளக்குகளைக் குறைத்தார்கள். பின்னால் சின்னச் சின்ன காலடிச் சத்தம். பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்தது. பாட்டு ஆரம்பித்தது.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தராவது பார்க்க வேண்டுமே! ஒருவன் சோளப்பொரிக்குள் தலையை விட்டிருக்கிறான். ஒருத்தி உதட்டுச்சாயம் சரிசெய்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய திரையில் கூட்டத்தின் முகங்களைக் காட்ட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. விளையாட்டுப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தன் மூஞ்சியைப் பார்க்க வருகிற ஜனம் இது. மாடியில் ஒரு புதுச் சட்டை எழுந்து நின்று ஒரு கையை ஆட்டியது. என் நாத்தனார். இன்னொரு கையால், திரையில் தெரிகிற தன்னையே ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வரி முடிந்தது. திரும்பிவிடலாம் என்று கழுத்து தயாரானது. முதல் வரிசையில் வாசனைத் தைலத்தில் ஊறவைத்தது மாதிரி இருந்த ஒரு ஆள் என்னைக் கைசொடுக்கிக் கூப்பிட்டான்.

"ஏம்மா, இது எப்ப முடியும்? ஆட்டம் எப்ப ஆரம்பிப்பாங்க?"

"என் பொண்ணு பாடுறா, வாய மூடு" என்று சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் ரெண்டே நிமிஷம் சார்" என்றேன். பல்லைக்கூட இளித்தேன். அதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது. அவன் தலைக்கு மேலே ஒரு கேமரா, அதன் சிவப்பு விளக்கு நேராக என் மேலே. அந்தக் குரல் மேலே போனது. எவ்வளவு சுத்தமாகப் போனது தெரியுமா? நாற்பது குரலிலும் என் மகளுடையதைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டேன். பெற்றவளுக்குத் தெரியாதா? கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் கழுத்து திரும்பவில்லை. பயம்தான். வேறென்ன சொல்ல?

ஆட்டம் முடிந்து, பள்ளிப் பேருந்துக்குப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன். "பாத்தியாம்மா?" என்று கேட்டாள்.

"பாத்தேனே! அந்த மேல போற இடத்துல அப்படியே திரும்பிட்டேன். என்னமா பாடின! எல்லார் குரலையும் தாண்டி உன் குரல்தான்டி கேட்டுச்சு."

அவள் "சரிம்மா" என்றாள். அன்றைக்கு அப்புறம் அவள் பாடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஊழியர் அறையின் அறிவிப்புப் பலகையில் என் புகைப்படம். என்னுடையது என்றால், என் முதுகு. எதிர்ப்பக்கத்துக் கேமராவில் எடுத்திருந்தால் என் அழுமூஞ்சி தெரிந்திருக்கும். இது பக்கவாட்டுக் கேமராவில் எடுத்தது. ஒரு பக்கம் ‘நிம்மதியாகத் தூங்குங்கள்’, இன்னொரு பக்கம் வரிசையாகப் பிள்ளைகள். கீழே ‘இப்படித்தான் நிற்க வேண்டும்’ என்று அச்சடித்திருந்தார்கள். விசில் வந்து ஊதினார்.

"சொந்தப் பொண்ணு பாடியும் அசையலயேக்கா! ஒரு கோட்ட அழிச்சிட்டேன்."

நான் படத்தில் என் மகளைத் தேடினேன். இரண்டாவது வரிசை, ஓரத்திலிருந்து மூன்றாவது. முப்பத்தொன்பது வாய் திறந்திருந்தது. அவள் வாய் மட்டும் இறுக்க மூடியிருந்தது. கண் என் முதுகில் இருந்தது.

"சார், இவ பாடவே இல்லையே? ஆனா பாட்டு..."

"யாருமே பாடலக்கா. அது முன்னாடியே பதிவு பண்ணினது, பெரிய ஆளுங்க பாடினது. மைக்கே போடல. டிவியில போறப்ப பிள்ளைங்கள நம்பி விடுவாங்களா? அன்னைக்குக் காலையிலதான் வாய மட்டும் அசைக்கச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

பதினெட்டாயிரம் பேர் காதிலும் பூ சுற்றியிருக்கிறார்கள். அதில் முழம் கணக்கில் சுற்றிக்கொண்டவள் நான். எவளோ ஒருத்தியின் குரலைக் கேட்டு, பெற்ற வயிறு குளிர நின்றிருக்கிறேன். அதைவிட, பார்த்தேன் என்று வேறு பிள்ளையிடம் புளுகியிருக்கிறேன்.

படத்தைப் பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதற்கு எத்தனை கோடு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். படத்தை அவள் நோட்டின் மேல் வைத்தேன்.

"நான் திரும்பலடி. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா. உன்னையேதான பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ ஏன்டி வாய மூடிட்டு நின்ன? எல்லாரும் அசைக்கிறாங்களே, நீயும் அசைச்சிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சும்மா அசைக்கப் பிடிக்கலம்மா. நீ திரும்பினதும் நெஜமாவே பாடலாம்னு இருந்தேன்."