நான்காவது அடி

என் அப்பாவின் குரல் நூற்று ஐந்து வெள்ளி. கடைக்காரன் நூற்று இருபது சொன்னான், பேசிக் குறைத்தேன். மலேசியாவில், எங்கள் பத்து பகாட் ஊரில், ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலை அதுதான். அதில் எதை நிரப்பப் போகிறேன் என்று அவன் கேட்கவில்லை.

அப்பா கமலநாதன் இறந்து பன்னிரண்டு நாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எங்கள் துணிக்கடை திறக்காது. ஆனால் சுவரில் இருந்த கேமராவுக்கு ஓய்வில்லை. அது முப்பது நாள் பதிவுகளைத்தான் வைத்திருக்கும். அதன்பின் புதியது பழையதைத் தின்னும். பன்னிரண்டு நாளாகக் காலிக் கடை அப்பாவை மணிக்கு மணி தின்றுகொண்டிருந்தது.

"பூட்டுன கடைக்கு எதுக்குக்கா கேமரா?"

"திருடன் வந்தா?" என்றாள் பிரவீனா அக்கா. "நீ எதுக்குக் கடைக்கு வந்த ரூபன்? வேலைன்னு சொன்னியே."

வேலைதான். சிங்கப்பூரில் செயலிகளின் திரைகளை வடிவமைக்கிறேன். இப்போது கையில் இருப்பது துணி விற்கும் செயலி. வாங்காமல் வெளியேறுகிறவர்களை நிறுத்த ஒரு திரை வேண்டும். இணையத்தில் உள்ள மாதிரித் தொகுப்புகளையெல்லாம், காசு கட்டியவை உட்பட, புரட்டிவிட்டேன். எல்லாமே ஒரே கெஞ்சல்: 'போகாதீர்கள், பத்து விழுக்காடு தள்ளுபடி!' கூடவே அழுகிற பூனைக்குட்டிப் படம்.

"பூனையா? அலாமாக்! அப்பா பார்த்திருந்தா அந்தப் பூனையையும் வித்திருப்பாரு லா."

அப்பா கெஞ்சமாட்டார். வாங்க வந்தவர் எழுந்தால், புடவையை மடிக்கத் தொடங்குவார். மூன்றடி போக விடுவார். நான்காவது அடியில் கூப்பிடுவார். அதற்கு முன்னால் கூப்பிட்டால் சரக்கு மட்டம். வாசல் தாண்டியபின் கூப்பிட்டால் கடைக்காரன் மட்டம். அந்த நேரக் கணக்கைப் பிடித்துத் திரையில் வைக்கப் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பாதி உண்மை. மீதியை அவளே எடுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு நாலு மணிக்குத்தானே நீ கோவிச்சுக்கிட்டுப் போன?"

அது நடந்து இன்றோடு முப்பது நாள். அன்று இதே செயலியைத்தான் அப்பாவிடம் காட்டினேன். 'இது உங்க கடையையே முழுங்கிடும்' என்றேன் பெருமையாக. வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் சிரித்தார். நான் கார் சாவியை எடுத்தேன். 'வர்றேன்' என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்து அவரைப் பார்த்தது சவப்பெட்டியில்.

மணி மூன்று. பதிவை நிறுத்தினேன். தின்றது போக, அந்த நாளில் மூன்று மணிக்குப் பிந்தியது மிஞ்சியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிட்டு, நோட்டில் கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன்: கூப்பிட்டது ஒரு பக்கம், திரும்பியது ஒரு பக்கம். ஆய்வு என்றால் ஆய்வு. கண்ணீருக்குத் தனிப் பத்தி கிடையாது.

திரையில் அப்பா மடித்தார். "உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நாப்பத்தஞ்சு. வாங்கம்மா." நான்காவது அடி. அந்தம்மா திரும்பினார். கோடு. பூட்டிய கடையின் துணி அடுக்குகளுக்குள் புகுந்து, அந்தக் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அக்கா அவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அளவுகோல் மட்டும் கிடந்தது.

மூன்று ஐம்பத்தெட்டு. திரையில் நான் எழுந்தேன்.

அப்பா மடிக்கத் தொடங்கினார். கையில் துணியே இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடியில் அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஐந்து, ஆறு. நான் வாசலைத் தாண்டினேன். கார்க் கதவு சாத்தும் சத்தம். அப்பா எழுந்து, வாசலையும் தாண்டி, நடைபாதை விளிம்புவரை போனார்.

"உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். வாடா."

கார் போய்விட்டது. தெருப்பக்கம் காதைக் கொடுத்தபடி, பதில் விலை கேட்கக் காத்திருப்பவர் போல, அவர் வெகுநேரம் நின்றார்.

"கோட்டைப் போடு," என்றாள் அக்கா.

"எந்தப் பக்கம்கா?"

"கூப்பிட்டாரு இல்ல?"

கடை மூடும்வரை பார்த்தோம். கூப்பிட்டது பன்னிரண்டு. திரும்பியது பதினொன்று. பாக்கி ஒன்று.