நீதிபதி குரோவின் சீப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சீப்பிலிருந்து பிறந்தது. 1974இல், மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில், பக்கத்து வீட்டு அமெரிக்கர் தந்த சீப்பு. 'நீதிபதி குரோவுக்கே மீண்டும் வாக்களியுங்கள்' என்று அதில் அச்சிட்டிருந்தது. அவருடைய மாநிலத்தில் நீதிபதிகளும் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பார்களாம். எனக்கோ முழு வழுக்கை. சீப்பை வேறு என்ன செய்வது? எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: 'நீதியின் மணி கம்பீரமாக ஒலித்த அந்தக் காலையில்—'

(வேண்டாம். பத்து வருடம் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தவன் நான். அங்கே ஒலித்தது இருமல் மட்டுமே.)

தொடக்கம் இரண்டு: பன்றிப் பண்ணைக்காரரின் மகன் வால்டர் குரோ, பால்வண்டி ஓட்டிக்கொண்டே சட்டம் படித்து நீதிபதியானார். பதினெட்டு வருடம், மூன்று தேர்தல், மூன்றிலும் வெற்றி. இப்போது நான்காவது.

3

வாக்களிப்புக்குப் பத்து நாள் இருக்க, ஒரு வழக்கின் விசாரணை முடிகிறது. ஊரே கொண்டாடும் தீயணைப்புத் தலைவர், ஓல்சன் என்ற கிழவியின் பாதையை மறித்து மதில் கட்டிவிட்டார். எண்பது வயதில் அந்தக் கிழவி கடைக்குப் போகப் பக்கத்து வேலிக்குக் கீழால் தவழ்கிறார். மதிலை இடிக்கச் சொன்னால் குரோவின் பதவி போய்விடும். சொல்லாவிட்டால்—

"தீர்ப்பைத் தள்ளித் தவணை போடச் சொல்லுங்கோ," என்றாள் என் மனைவி சந்திரவதனா, நான் வாசித்ததைக் கேட்டு, குசினியில் சமைத்தபடி. "ரெண்டு கிழமைதானே. எலெக்‌ஷன் முடிஞ்சாப்பிறகு இடிக்கலாம்."

"அதுவரைக்கும் கிழவி தவழுறதோ?"

"நீங்கள் கோட்டிலை எத்தினை ஆயிரம் தவணை வாசிச்சனீங்கள்? அப்ப ஒருத்தரும் தவழேல்லையோ?"

வெட்கமாகிவிட்டது. எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தேன்.*

* ஒருத்தி இருந்தாள். பெயர் பவளம். காணி வழக்கு. பதினொரு தவணை வாசித்தேன். பன்னிரண்டாவதற்கு அவள் பெயரைக் கூப்பிட்டபோது, செத்துப்போனாள் என்று யாரோ சொன்னார்கள். அதையும் பதிந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

4

ஆகவே குரோவைத் தவணை போட நான் விடவில்லை. அன்றைக்கே தீர்ப்பை வாசித்தார். மதில் விழுந்தது. தேர்தலில் அவருக்கெதிராகத் தீயணைப்புத் தலைவரின் மைத்துனர் நிற்கிறார். அவர் சீப்போடு கண்ணாடியும் கொடுக்கிறார்.

"அப்ப மனிசன் வெல்லுறாரோ, தோக்கிறாரோ?" என்றாள் சந்திரவதனா.

அதை நான் எழுதப்போவதில்லை.

[ ] குரோ
[ ] மைத்துனர்

வாசகரே, விருப்ப வரிசைப்படி 1, 2 என்று கட்டங்களில் இலக்கம் இடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று புத்தகத்தை மூடாதீர்கள். இது அவுஸ்திரேலியா, வாக்களிக்காதவருக்கு இங்கே தண்டம் உண்டு. தவணை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.