ஐம்பத்தோரு தட்டு

நாற்பது படுக்கை விரிப்புகளைத் தேய்த்து அடுக்கிவிட்டுத்தான் அன்றைக்கு வங்கிக்குக் கிளம்பினேன். செங்கம் ரோட்டில் வாடகை அறைகள் வைத்திருப்பவர்களுக்கு விரிப்பு துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ரேணுகாம்பாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, பெட்ஷீட் அக்கா என்றால் தெரியும். என் கணவர் குமரேசன் வேலைக்குப் போன இடத்திலிருந்து நேராக வந்து, வங்கி வாசலில் முழித்துக்கொண்டு நின்றார்.

அந்த முழிக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் தவணையில் வேன் வாங்கினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் ஏற்றினாலே கடன் அடைந்துவிடும் என்றார். கொரோனா வந்தது. இரண்டு வருஷம் பௌர்ணமியில் மலை சுற்றவே தடை. நிலா மட்டும் மாசம் தவறாமல் வந்து போனது. தவணை நின்றது, வேனை எடுத்துக்கொண்டு போனார்கள், அதற்கப்புறமும் பாக்கி என்று ஒரு தொகை நின்றது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டீர்களே என்று அன்று ஆரம்பித்த பேச்சை நான் நிறுத்தவேயில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் என் தம்பி இளவரசனில்தான் முடியும். அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். அவர் எழுந்து போய்விடுவார்.

தம்பியைப் பற்றிப் பெருமைப்பட எனக்குக் காரணம் இருந்தது. எங்கள் மகள் அபிநயாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக ஐம்பத்தோரு தட்டு கொண்டுவந்தவன் அவன். கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு வண்டி பிடித்து, மேளத்தோடு, பட்டுப்புடவை, மூன்று பவுன் சங்கிலி என்று வந்து இறங்கினான். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. என் ஓரகத்தி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு எரிகிறவளுக்கு எங்கே பசிக்கும்?

அந்தத் தெருவில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீட்டைத்தான் இப்போது வாங்க நினைத்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, நான் துணி உலர்த்த மொட்டைமாடி. ஓனர் ராமதாஸ் மகனோடு சென்னையில் தங்கிவிட்டவர். விற்பதென்று முடிவு செய்ததும், முதலில் உங்களுக்குத்தான் என்று எங்களிடம் சொன்ன நல்ல மனிதர். ஆனால் ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், ஆனி முடிவதற்குள் வங்கிக் கடிதம் கையில் வேண்டும் என்றார். விடுதி கட்ட இடம் தேடும் பெங்களூர்க்காரர் ஒருவர் முழுப் பணத்தோடு காத்திருந்தார்.

போன வருஷமே நான் தனியாக இந்த வங்கிக்கு வந்து, கடன் பிரிவில் இருக்கும் ஓவியா மேடத்திடம் யோசனை கேட்டிருந்தேன். வேன் பாக்கியை முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குங்கள், கூலியைக் கையில் வாங்காமல் கணக்கில் போடச் சொல்லுங்கள், புதுசாக எதுவும் தவணையில் வாங்காதீர்கள் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஒன்று விடாமல் செய்தோம். ஒரு வருஷம் புதுப்புடவை எடுக்கவில்லை. கடைசித் தொகையைக் கட்டிய அன்று உடம்பில் தெம்பே இல்லாமல் ஏழு மணிக்கே படுத்துவிட்டேன்.

இப்போதுதான் ஓவியா மேடம் முதல் முறையாக என் கணவர் பெயருக்கு சிபில், அதாவது பழைய கடன் கணக்கெல்லாம் காட்டும் அறிக்கை, எடுத்துப் பார்த்தாள். வேன் கணக்கு முடிந்துவிட்டது, அதனால் தடையில்லை என்றாள். நான் அவரைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அதற்குள் அவள் கம்ப்யூட்டரில் பக்கத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள்.

"சார் இன்னொரு லோனுக்கு ஜாமீன் போட்டிருக்காரும்மா. வாங்கினவர் பாதியில விட்டுட்டாரு. ஜாமீன் போட்டவர் பேர்லயும் அது நிக்கும். இது முடியாம எங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

எந்த நாயோடு சேர்ந்து டீக்கடையில் கையெழுத்துப் போட்டாரோ என்று எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். வெளியே போய்ப் பேசலாம் என்றார். இங்கேயே சொல்லுங்கள் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"உன் தம்பிக்கு. நம்ம பொண்ணுக்குச் சீர் செய்றதுக்கு."

ஓவியா மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தாள். அந்தக் கரிசனம்தான் அப்போது எனக்குப் பொறுக்கவில்லை.

மீதியை வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னார். சீருக்குப் பணம் புரளாமல் இளவரசன் அவரிடம் வந்து அழுதிருக்கிறான். இவர் கூடப் போய் ஜாமீன் போட்டிருக்கிறார். கொரோனாவில் அவன் கடையை மூடியதும் தவணை நின்றது, ஃபைனான்ஸ்காரர்கள் இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாரே, வேன்காரர்கள் என்று நினைத்து நான் கீழிருந்தே கத்துவேனே, அதில் பாதி இந்தக் கடனுக்கு வந்த அழைப்பு. வேன் பாக்கியோடு இதுவும் போய்விடும், மேடம் கவனிக்க மாட்டாள் என்று நம்பியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லாம பூடும், ரேணுகா."

அப்போதும் என் கோபம் அடங்கவில்லை, ஆள்தான் மாறியது. அங்கேயே நின்று தம்பியைக் கூப்பிட்டு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவன் மெதுவாகச் சொன்னான்.

"நான் பதினோரு தட்டுதான் வெக்க முடியும்னு சொன்னேன்க்கா. ஓரகத்தியோட தம்பி முப்பத்தொண்ணு வெச்சான், எனக்கு அம்பத்தொண்ணு வேணும், இல்லாட்டி நீ வரவே வேணாம்னு நீதான சொன்ன."

சொன்னேன். சொன்ன இடம்கூட நினைவிருக்கிறது. கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில், அவன் பெண்டாட்டி காதில் விழும்படி சொன்னேன். போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவன் பத்தாயிரம் அனுப்பினான், அதற்கு மேல் அவனிடம் இல்லை.

அபிநயா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் ஊருக்கு வந்து, சீரில் வந்த கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள். அதை விற்று ஜாமீன் கடனை முழுசாகக் கட்டினோம். பாக்கி இல்லை என்ற கடிதம் கையில் கிடைத்தது. ஆனால் சிபிலில் அது ஏற நாற்பத்தைந்து நாள் ஆகும், அதுவரை எங்களால் எதுவும் செய்ய முடியாது என்றாள் ஓவியா மேடம். ராமதாஸிடம் ஆவணி வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டோம். அவருக்கு மனசு இருந்தது, மகனுக்கு அவசரம் இருந்தது. ஆனி இருபத்தெட்டாம் தேதி பெங்களூர்க்காரர் பெயருக்குப் பத்திரம் பதிவானது. வாங்கியவரைக் குறை சொல்ல வாயில்லை. காலி செய்ய மூன்று வாரம் கொடுத்தார்.

ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள். நாங்கள் போனோம். வேங்கிக்காலில் ஒரு மாடிப் போர்ஷன், வாடகை ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி, துணி உலர்த்த இடம் கம்மி. சாமான்களைப் புது வீட்டு மாடிக்கு ஏற்றி முடித்து நான் சுருட்டி வைத்த பாயின் மேல் உட்கார்ந்திருந்தபோது அவர் போன் அடித்தது. ஓவியா மேடம். சிபில் சரியாகிவிட்டது, இனி தாராளமாக விண்ணப்பிக்கலாம், வீட்டுப் பத்திர நகலை மட்டும் கொண்டுவாருங்கள் என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறோம் மேடம் என்று சொல்லி அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருஷமாக அவரைப் பேசிய பேச்செல்லாம் என் நெஞ்சில் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது.

"என்னாலதாங்க போச்சு. ஒரு வார்த்தை திட்டுங்களேன்" என்றேன்.

அவர் ஃபேன் மாட்ட ஸ்டூலைப் போட்டு மேலே ஏறியிருந்தார்.

"திட்டி இன்னா ஆவப்போவுது? அந்த ஃபேனைத் தூக்கிப் புடி. கை நோவுது."

எழுந்து, ஃபேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் திருகாணியை முறுக்கி முடிக்கும்வரை அழுதேன், அவர் கீழே பார்க்கவில்லை.