அக்கா விழுங்கிய கேள்வி

தம்பிக்கும் அவன் பொண்டாட்டிக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஆஸ்பத்திரி, பேங்க், வீட்டு ஓனரோடு வாய்த்தகராறு, எதுவானாலும் அக்காதான் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சைகையில் தள்ளிவிடுவாள். தகராறு என்றால் அவளுக்குக் கொண்டாட்டம், தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்தே சொல்லுவாள்.

தம்பி பொண்டாட்டிக்கு இப்போது நாலு மாசம். கை அத்தனை வேகமாகப் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் பட்டாசு. அன்றைக்கு மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. டாக்டர் பாவம், நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"குழந்தைக்கும் காது கேட்காதுன்னுதான் தெரியுது. மத்தபடி நல்லா வளருது. கர்ப்பத்தைத் தொடர்றதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். எதுவானாலும் நாங்க கூட இருப்போம். கேட்டுச் சொல்லுங்கம்மா."

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். கூடப்பிறந்தவனைப் பார்த்து, உன்னை மாதிரி ஒண்ணு வேணுமா வேண்டாமா என்று எந்தக் கையால் கேட்பது? 'குழந்தை நல்லா இருக்காம்' என்று மட்டும் காட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

பட்டாசு எழுந்திருக்கவில்லை, கை மட்டும் கேட்டது. "டாக்டர் வாய் அவ்வளவு நேரம் ஆடுச்சு. உங்க கை அதுக்குள்ள கடையைச் சாத்திடுச்சே, அண்ணி?"

"நீ சுருக்கமாப் பேசி நான் பார்த்ததே இல்லக்கா," என்றான் தம்பி. "என்னத்த முழுங்கின?"

வசமாக மாட்டிக்கொண்டாள். வேறு வழி? எல்லாவற்றையும் சொன்னாள், அந்தக் கேள்வியையும்தான்.

பட்டாசுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எங்களைக் கேட்ட கேள்வி. வேணும்னாலும் வேண்டாம்னாலும் நாங்கதான் சொல்லணும். அதை மறைக்க நீங்க யாரு?"

பிறகு புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிரே திரும்பிக்கொண்டார்கள். கைகள் பறந்த பறப்பில் அக்காவுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டர் பதறினார். "சண்டையா?"

"இல்ல டாக்டர், பேசிக்கறாங்க. சண்டைன்னா உங்க மேஜை ஆடும்."

கடைசியில் பட்டாசு திரும்பினாள். "எங்களுக்கு வேணும்னு சொல்லுங்க. காது கேக்கற பிள்ளையா வந்துட்டா எப்படி வளர்க்கறதுன்னுதான் இத்தனை நாளும் பயந்தோம். அதையும் சொல்லுங்க."

அக்கா சொன்னாள். டாக்டர் முதலில் முழித்தார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் தம்பி வழிமறித்தான். "நாங்க வருத்தப்படுவோம்னா மறைச்ச?"

ஆமாம் என்று தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "இல்லடா. டாக்டர் சொன்னதும் எனக்கே 'வேண்டாமே'ன்னு தோணிடுச்சு. கேள்வியைக் கேட்டா, அதை என் முகத்துல நீ பார்த்துடுவியோன்னு பயம்." சொல்லும்போதே பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அவமானமாக இருந்தது.

"பார்த்துட்டேன்க்கா. பொறந்ததுலேருந்து உன் மூஞ்சியைத்தானே படிக்கறேன்," என்றான் தம்பி. "அதனாலதான் 'வேணும்'னு உன் வாயாலயே சொல்ல வெச்சோம்."

பட்டாசு தன் துப்பட்டாவாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, சந்தேகமாகக் கேட்டாள். "சத்தமாச் சொன்னீங்களா, அண்ணி?"

"சத்தமாத்தான் சொன்னேன்," என்றாள் அக்கா.