உப்புக் கோட்டுக்கு வெளியே காமென்

ஆற்றிலிருந்து மூழ்கிச் செத்தவை பசியோடு ஏறி வந்த அந்த இலையுதிர்காலத்தில், ரூசே நகரத்தின் கீழ்க்கரைத் தெருவில் ஒருவர்கூடச் சாகாத கட்டடம் ருமியானா குடியிருந்தது ஒன்றுதான். அவள் ரயில் பட்டறையில் கடைசல் வேலை செய்தவள். அங்கே உதிரும் இரும்புத்தூளைக் கல்லுப்போடு கலந்து, குப்பைத்தொட்டிகளையும் சேர்த்து வளைத்து, கட்டடத்தைச் சுற்றிக் கோடு இழுத்துத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்தாள். உயிருள்ளவர்கள் அதைத் தாண்டி ரொட்டி வாங்கப் போனார்கள், வந்தார்கள். ஆற்றிலிருந்து வந்தவற்றுக்கு மட்டும் அது சுவர். அவை தெருவில் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. வீட்டுக்குள் புகுந்தால்தான் தின்னும். மழை கரைத்த இடத்தில் மறுபடி உப்பிட வேண்டும், விரலளவு இடைவெளி விழுந்தாலும் வட்டம் முழுவதும் வீணாகும் என்பதை எல்லா மாடியிலும் தெரிந்துவைத்திருந்தார்கள், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் போல.

அவள் கணவன் காமெனுக்குச் சரக்குப் படகில் வேலை. பனிமூட்டமான ஒரு காலையில் திரும்பி வந்தவன் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டான். ருமியானா இறங்கி வந்தாள்.

"என்ன அங்கயே நிக்கிற? சூப்பு ஆறுது."

"காலு தூக்க மாட்டேங்குது, ருமி."

"குடிச்சியா?"

"சத்தியமா இல்ல. இந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி விடேன், வந்துடுறேன்."

மழை இல்லை. ஆனால் அவன் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தான் செத்துப்போனது அவனுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், பனிக்குள், மற்றவை பொறுமையாகக் காத்திருந்தன.

முந்தைய வாரம்தான் எதிர்க் கட்டடத்து வெலிச்கா, மூழ்கிப்போன மகன் வந்து கூப்பிட்டான் என்று, தன் வாசல் கோட்டைச் செருப்பால் அழித்திருந்தாள். மகன் உள்ளே போனான். பின்னாலேயே மற்றவையும் போயின. விடிந்தபோது ஐந்து மாடியிலும் காப்பி சூடாக இருந்தது, குடிக்க ஆளில்லை. ருமியானா வாளியை எடுத்து வந்து, காமென் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் பூட்ஸுக்கு முன்னால் கோட்டை இன்னும் தடிப்பாக்கினாள்.

அவன் போகவில்லை. ஆட்சி மாறியது, பட்டறையை மூடினார்கள், அவளுக்குத் தலை நரைத்தது, அவனுக்கு நரைக்கவில்லை. அவள் கோட்டுக்கு உள்ளே முக்காலி போட்டு, குடைமிளகாய் சுட்டு உரித்தபடி ஊர்க்கதை சொல்வாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பான். பிறகு, "கொஞ்சம் தள்ளி விடேன்" என்பான். அவள் உப்பைப் போட்டுவிட்டு மேலே போய், குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுவாள்.

நுரையீரல் கெட்டு, மருத்துவர் கைவிரித்த பிறகு, இரண்டாம் மாடியில் மூன்று பிள்ளைகளோடு இருந்த கின்காவிடம் வாளியைக் கொடுத்தாள்.

"நாளைக்கு கோட்டுக்கு வெளிய நின்னு நான் என்ன கேட்டாலும் காதுல போட்டுக்காத."

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா."

"அங்க செத்தா இவன் தனியா நிப்பான்டி. இவன் பக்கத்துல செத்தா நானும் கூட நிப்பேன்."

நல்ல மேலங்கியை மாட்டிக்கொண்டு உப்பைத் தாண்டிப் போனாள். காமென் அவள் கையைப் பிடித்தான். "எவ்ளோ சூடா இருக்கு" என்றான். சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது.

காலையில் கின்கா வாளியோடு வந்தபோது, ருமியானா வேலை முடிந்து வந்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

"கின்கா, சாவிய மேலயே வச்சுட்டேன். காலு வேற வர மாட்டேங்குது. ஒரு விரலளவு தள்ளி விடு, போதும்."

கின்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. கோட்டை இரண்டு மடங்கு அகலமாகப் போட்டாள்.

அடுத்த வசந்தத்தில் நகராட்சி அந்த வாசலருகே இருந்த பேருந்து நிறுத்தத்தைச் சற்றுத் தள்ளி வைத்தது. இறங்குகிறவர்களுக்கு அந்த இருவரும் இடைஞ்சலாக இருந்தார்கள்.