பெயருக்கு உரியவள்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. கேரன் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். முதல் முறை மழைக்காலம் என்றாள். அடுத்த முறை மழையைப் பற்றிப் பேச்சே இல்லை. நோட்டீஸின் நிறத்தை மட்டும் இரண்டு முறையும் மஞ்சள் என்றாள்.

கேரனுக்கு ஈப்போவில் வேலை, பெர்ச்சாமில் ஒரு சீன மருந்துக்கடையின் மேல்மாடியில். இணையதளங்களுக்கான பெயரை, அதாவது டொமேனை, பதிவு செய்து கொடுக்கும் சிறிய கம்பெனி அது. முதலாளி ரோய்ஸ்டன். அவரை விட்டால் கேரன்தான் எல்லாம்.

அங்கே ஒரு நாள் புஷ்பலதா வந்தாள். பீடோர் பக்கம் செம்மண் தோட்டம் என்று ஆட்கள் கூப்பிடும் பழைய ரப்பர் தோட்டத்தில் ஆபிஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இப்போது அதையும் அழித்து வீடு கட்டப் போகிறார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் இடித்தாகிவிட்டது. மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் இடுகாடும்தான் மிச்சம். இடுகாட்டையும் நிரவப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கோயில் கமிட்டி ஒவ்வொரு கல்லறையையும் படம் எடுத்து, யார் யார் அங்கே கிடக்கிறார்கள் என்று இணையத்தில் போட முடிவு செய்தது. அந்தப் பொறுப்பு புஷ்பலதாவுக்கு. பதிவு செய்ய ஓர் ஆள் பெயர் வேண்டும்.

"தலைவர் பேர்லயே போடலாமேக்கா?" என்றாள் கேரன்.

"ராமையா அண்ணனுக்கு இமெயிலே இல்லலா. வாட்ஸ்அப்ல காலைல பூ படம் அனுப்புவாரு, அதோட சரி. சும்மா ஒரு பேர் போட்டா என்ன?"

"பொய்ப் பேர்னு தெரிஞ்சா டொமேனையே கட் பண்ணிருவாங்க. நெசமான பேர், அட்ரஸ், போன் நம்பர் குடுக்கணும்."

புஷ்பலதாவுக்குச் சம்பளம் கொடுப்பது, இடுகாட்டை நிரவப் போகும் அதே தோட்டக் கம்பெனி. இரண்டு பிள்ளைகளோடு அவள் குடியிருக்கும் கோட்டர்ஸும் அவர்களுடையது. பெயர் தெரிந்தால் இரண்டும் போகும்.

"வெளிய தெரியாதே?"

"தெரியாதுக்கா. மறைச்சுதான் வெச்சிருப்போம். நான் இருக்கேன்லா."

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னோம் என்று கேரன் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு வழக்கறிஞரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த இணையதளம் தம் கட்சிக்காரரான தோட்டக் கம்பெனியின் பெயரைக் கெடுக்கிறது. வழக்குப் போட வேண்டும். பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும் தேவை.

"குடுத்துருலா கேரன்," என்றார் ரோய்ஸ்டன். "நம்மளது சின்னக் கடை. லாயரோட மோதுனா சூசா, ரொம்பக் கஷ்டம்."

"கோர்ட் ஆர்டர் கொண்டு வரட்டும்ண்ணே."

"கோர்ட் ஆர்டர்தான் வேணும்னு எங்க இருக்கு? நியாயமான காரணம் சொன்னா பரிசீலிக்கணும்னுதான் ரூல்."

"பரிசீலிச்சாச்சு. நியாயமில்ல."

"அத சொல்ல நீ யாரு, ஜட்ஜா?" ரோய்ஸ்டன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எங்க எல்ஸி அத்தைய ஒருத்தன் ஏமாத்துனான் பாரு, வேளாங்கண்ணிக்கு டூர்னு பொய்யா வெப்சைட் போட்டு. அவன் பேர கேட்டு எத்தன இமெயில் போட்டோம்? அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி உக்காந்துகிட்டு நியாயமில்லன்னுருப்பா."

ரோய்ஸ்டன் சொன்னதில் தப்பில்லை. திருடனையும் கல்லறைக்குக் காவல் நிற்பவளையும் ஒரே திரைதான் மூடியிருக்கிறது. அதை யாருக்கு விலக்குவது, யார் சொல்லி விலக்குவது? இருந்தாலும் அவள் மறுத்துத்தான் பதில் எழுதினாள்.

"சரி, அந்தக் கிராணியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு," என்றார் ரோய்ஸ்டன்.

"வேணாம்ண்ணே. பயந்துருவாங்க. அதான் குடுக்கலையே."

உலகம் முழுவதற்கும் டொமேன் விதிகளை வகுக்கும் அமைப்பு, பதிவு விவரங்களை யாருக்குக் காட்டலாம் என்று அப்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. கேரன் அந்த ஆவணங்களை விடாமல் படித்தாள். அரசாங்கங்கள் பேசியிருந்தன, போலீஸ் பேசியிருந்தது, பெரிய கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் பேசியிருந்தார்கள், அந்தரங்க உரிமைக்காகப் போராடுபவர்கள் பேசியிருந்தார்கள். எல்லாரும் புஷ்பலதாவைப் பற்றித்தான் பேசினார்கள். புஷ்பலதா அங்கே இல்லை. கேரன் எழுதி எழுதி அழித்து, கடைசியில் ஒரு வரியில் வந்து நின்றாள்: "பெயரைக் கேட்பவர் இங்கே இருக்கிறார், பெயரை வைத்திருப்பவர் இருக்கிறார், பெயருக்கு உரியவர் இல்லை. அவரைக் கேட்காமல் விதி செய்யாதீர்கள்." அனுப்பிய அன்று, சரியான ஒன்றைச் செய்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

கோயில் தலைவர் ராமையா படியேறி வந்தது அந்த வாரமா அடுத்த வாரமா, தெரியவில்லை. கையில் மஞ்சள் காகிதக் கட்டு. ஒன்றை உருவி இரண்டு கையாலும் நீட்டினார்.

"திருவிழா நோட்டீஸ்மா. நீ வேதக்காரப் பொண்ணு, பரவால்ல, சாப்பாட்டுக்காவது வந்துரு."

கேரன் வாங்கிப் பார்த்தாள். தலைவர், செயலாளர், பொருளாளர், அன்னதான உபயம், பந்தல் உபயம் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. கடைசிக்கு முந்தைய வரியில் கண் நின்றது. இணையதளப் பொறுப்பு: திருமதி புஷ்பலதா. பக்கத்தில் கைபேசி எண்.

"அங்கிள், இத யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"எத?"

"புஷ்பலதா அக்கா பேர."

ராமையாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "நோட்டீஸ்ல பேர் போட யாராச்சும் கேப்பாங்களாம்மா? போடலன்னாதான் சண்டைக்கு வருவாங்க. போன வருசம் பந்தல்காரன் பேர் விட்டுப்போச்சு, இன்னும் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறான். அந்தப் பிள்ள ராப்பகலா ஒழச்சிருக்கு. ஒரு மரியாதை வேணாமா?"

"எங்கெல்லாம் குடுத்தீங்க?"

"பீடோர், தாப்பா, கோப்பெங் எல்லாம் குடுத்தாச்சு. தோட்டத்து ஆபிஸ் கேட்லயும் ஒட்டியாச்சு. மானேஜருக்கும் ஒண்ணு கையிலயே குடுத்தேன், மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அன்று சாயங்காலமே கேரன் பீடோருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். புஷ்பலதா கோட்டர்ஸ் வாசலில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மானேஜர் மத்தியானமே அவளைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்.

"ராமையா அண்ணன்மேல எனக்குக் கோவமில்ல," என்றாள் புஷ்பலதா. "அவரு நல்லதுன்னு நெனச்சுதான் போட்டாரு. இந்த லாயர் விசயம் என்ன? என் பேர கேட்டு ஈப்போவுக்கு எழுதினோம், குடுக்கலன்னு மானேஜர் சொன்னாரே. எப்ப நடந்துச்சு இது?"

"போன மாசம்க்கா."

"நோட்டீஸ் அடிக்கப் போனது இந்த மாசம்."

கேரன் கீழே விழுந்திருந்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு போன் போட்டிருந்தா, நோட்டீஸ்ல என் பேர் வேணாம்ணேன்னு நானே சொல்லிருப்பேன்லா. தேடறாங்கன்னே எனக்குத் தெரியலயே."

"பயந்துருவீங்கன்னு நெனச்சேன்க்கா. பத்திரமா வெச்சிருக்கேன்னுதான்..."

"பத்திரமாத்தான் வெச்சிருந்த. யாருகிட்டயும் சொல்லல." புஷ்பலதா ஒரு சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "என்கிட்டயும் சொல்லல."

துணி முழுவதும் மடித்து முடியும்வரை கேரன் அங்கேயே நின்றாள். போ என்று புஷ்பலதா சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் தான் எழுதி அனுப்பிய வரியே கேரனின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அது பெயரை வைத்திருந்த தனக்கே எழுதப்பட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

புஷ்பலதாவுக்கு வேலை போனது. கோட்டர்ஸைக் காலி செய்து கோப்பெங்கில் வாடகை வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். கம்பெனி அவள்மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. இடுகாட்டில் பாதியைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. இணையதளம் இயங்குகிறது, அவள் பெயரிலேயே. ராமையா இப்போதும் தலைவர்தான். பெயர் போடுவதற்கு முன் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார், அதனால் நோட்டீஸ் தாமதமாகிறது என்று கமிட்டியில் முணுமுணுக்கிறார்கள். ரோய்ஸ்டன் கடையை நடத்துகிறார். கேரன் எழுதிய கருத்து மற்றவர்களுடையதோடு சேர்த்து வெளியாகியிருக்கிறது, அவள் பெயரோடு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்போதெல்லாம் யாராவது ஒரு பெயரைக் கேட்டு எழுதினால், பதில் போடுவதற்கு முன் அந்தப் பெயருக்கு உரியவரைத்தான் அவள் முதலில் போனில் கூப்பிடுகிறாள்.