இரண்டு முறை வடித்த உருளைக்கிழங்கு

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, பொது மருத்துவமனையின் தரைத்தளச் சமையலறையில் பன்னிரண்டு தட்டுகள் கொண்ட ஆவியடுப்பு ஒன்று பொருத்தப்பட்டது.

அதை இயக்கப் பயிற்சி உண்டு, இரண்டு வாரம் போய்வர வேண்டும் என்று ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார்கள். முதலில் கேட்டது மூத்த சமையற்காரரான அண்ணியைத்தான். "காய் வேகவைக்க ஒரு படிப்பா? நாளைக்குத் தண்ணி குடிக்கவும் கிளாஸ் எடுப்பாங்களா?" என்று சிரித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த தன் நாத்தனாரை அனுப்பிவைத்தார். நாத்தனாருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பதினோரு வருடம் அந்தச் சமையலறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. நாத்தனார் வந்து வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்றதில் பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போன பெயரைப் பற்றி யாரிடம் புகார் செய்வது? அண்ணி அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வார்டு வாரியாகத் தட்டுகள் திரும்பி வரும். மிச்சத்தை வழித்து வாளியில் போட்டு, எடை பார்த்து, வாசல் பலகையில் எழுத வேண்டும். இது உணவியல் அதிகாரியின் ஏற்பாடு. அவரை எல்லோரும் டயட் மேடம் என்பார்கள். எடை குறைந்தால் நோயாளி சாப்பிட்டிருக்கிறார் என்று பொருள். ஆவியடுப்பு வந்த முதல் வாரத்தில் மகப்பேறு வார்டின் மிச்சம் பன்னிரண்டு கிலோவிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. பீன்ஸ் பச்சை மாறாமல் போயிற்று. கேரட் உடையாமல் போயிற்று. பலகையின் முன்னால் நின்று டயட் மேடம் நாத்தனாரின் தோளைத் தட்டிக்கொடுத்ததை அண்ணி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

மறுநாள் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. காயை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் அதிலுள்ள சி விட்டமினில் பாதி வரை தண்ணீரோடு போய்விடும், தாது உப்புகளும் கரைந்து போகும், ஆவியில் வைத்தால் பெரும்பகுதி காயிலேயே தங்கும் என்று அதில் இருந்தது. அண்ணி இரண்டு முறை படித்தார்.

"அப்போ பதினோரு வருஷமா நான் சத்தை எல்லாம் சாக்கடைக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன்."

"உங்களைச் சொல்லலை அண்ணி. பொதுவா எழுதியிருக்காங்க" என்றார் நாத்தனார்.

"பொதுவா இங்க வடிக்கிறது யாரு? நீயா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலும் அதுவே நடந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாத்தனார் ஒரு டப்பாவில் ஆவியில் வேகவைத்த கேரட்டைக் கொண்டுவந்தார். அண்ணியின் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். சாப்பாட்டைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேசாத ஆள். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தார்.

"கேரட்டுக்கு இவ்வளவு இனிப்பு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"பதினாறு வருஷமா நான் போட்டது என்ன, வைக்கோலா?"

"நான் கேரட்டைத்தானே சொன்னேன்."

"நீங்க சொன்னது கேரட்டை இல்ல."

நாத்தனார் டப்பாவை மூடிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

நான்காம் மாடி சிறுநீரக வார்டு. பதினாறு கட்டில்கள். அந்த வார்டின் சமையல் மட்டும் அண்ணியின் தனிப் பொறுப்பு. முந்தைய அதிகாரி எழுதிக் கொடுத்த முறை அடுப்புக்கு மேலே இன்னும் ஒட்டியிருந்தது: சிறிதாக நறுக்கவும், வெந்நீரில் ஊறவைத்து வடிக்கவும், நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிக்கவும், புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்து வடிக்கவும். உப்பு கூடாது. ஏன் என்று அதில் இல்லை. அங்கிருப்பவர்களுக்கு வயிறு தாங்காது, குழைய வேக வேண்டும் போலிருக்கிறது என்று அண்ணியாகவே நினைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்படி வெந்த கிழங்குக்குச் சுவையென்று ஒன்றும் இருக்காது. பலகையில் அந்த வார்டின் எடை நான்கு கிலோவுக்குக் கீழே வந்ததே கிடையாது.

ஆவியடுப்பின் வேலை பத்து மணிக்கு முடியும். பிறகு நாத்தனார் மற்ற வார்டுகளுக்குத் தட்டு அடுக்கப் போய்விடுவார். இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு, அண்ணி நான்காம் மாடியின் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் ஆவியடுப்பில் வைத்தார். பொத்தான்கள் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவைதான்.

தள்ளுவண்டிக்காரர் இரண்டு மணிக்குக் காலித் தட்டுகளோடு இறங்கி வந்தார்.

"அண்ணி, மேல என்ன மந்திரம் போட்டீங்க? வாத்தியார் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. உருளைக்கிழங்கு உருளைக்கிழங்கு மாதிரியே இருக்குன்னு சொல்லச் சொன்னாரு."

வாத்தியார் என்பவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், ஏழாம் கட்டில். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். சாப்பாட்டைக் குறை சொல்லிக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறவர்.

மிச்சம் தொள்ளாயிரம் கிராம். அண்ணியே எடை பார்த்து, பெரிய எழுத்தில் பலகையில் எழுதினார். மகப்பேறு வார்டின் எண்ணைவிடச் சின்ன எண். புதன்கிழமை எழுநூறு. வியாழக்கிழமை அறுநூற்றைம்பது. மூன்று நாளும் அவர் பலகையின் முன்னால் போகக் காரணங்கள் தேடினார். டயட் மேடம் அந்த வாரம் தலைமை அலுவலகத்தில் ஏதோ கூட்டம் என்று இறங்கி வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். கையில் பரிசோதனைக் கூடத்தின் தாள்.

"நாலாம் மாடில ஆறு பேருக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கு. வாத்தியாருக்கு நெஞ்சுத் துடிப்பே தாறுமாறா ஆயிடுச்சு. அவசரமா டயாலிசிஸ்ல போட்டிருக்காங்க."

அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

"கிழங்குல, காய்ல எல்லாம் பொட்டாசியம் நிறைய இருக்கு. நமக்கு அது நல்லது. அவங்க சிறுநீரகத்தால அதை வெளியேத்த முடியாது, ரத்தத்துலயே தங்கி இதயத்தைப் பிடிச்சுக்கும். அதனாலதான் ரெண்டு தடவை வடிக்கிறோம். தண்ணியோட அது போகணும். போகத்தான் வடிக்கிறதே." பலகையைத் திரும்பிப் பார்த்தார். "மூணு நாளா மிச்சமே இல்ல. வடிச்ச கிழங்கை யாரும் இப்படிச் சாப்பிட மாட்டாங்க."

அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "ஆவியடுப்பு உங்க பொறுப்புதானே?"

"அந்த வார்டுப் பாத்திரத்தை நான் தொட்டதே இல்ல மேடம்."

"அண்ணி பதினோரு வருஷமா ஒரு நாள் தவறாம வடிச்சவங்க. அவங்க மாத்த மாட்டாங்க. இதை இந்தப் பதத்துல எடுக்கத் தெரிஞ்சது இங்க உங்க ஒருத்தருக்குத்தான்."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தார். அது யார் வேலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அண்ணி இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் பழி நாத்தனாரோடு போயிருக்கும்.

"ஏன், எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி.

"என்ன?"

"பீன்ஸுக்கு ஏழு நிமிஷம், கிழங்குக்குப் பதினெட்டு. மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் விடணும். நான்தான் வெச்சேன். மூணு நாளும் நான்தான். அந்தத் தொள்ளாயிரம், எழுநூறு, எல்லாம் என்னோடது. பயிற்சிக்குப் போனவளுக்கு மட்டும்தான் வருமா?"

டயட் மேடம் தாளை மடித்தார். அண்ணிக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"வாத்தியார் பிழைச்சுக்குவாரா?"

"சாயங்காலம்தான் சொல்ல முடியும்."

டயட் மேடம் போன பிறகு நாத்தனார் பக்கத்தில் வந்தார். "நாலாம் மாடிக்கு ஆவி கூடாதுன்னு எனக்குப் பயிற்சியில சொன்னாங்க அண்ணி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்கிட்டயா?" என்றார் அண்ணி.

மாலை நான்கு மணிக்கு வாத்தியாரின் துடிப்பு சீரானது. மற்ற ஐந்து பேருக்கும் இரண்டு நாள் மருந்து கொடுக்கப்பட்டது. விசாரணைக் குழு ஜூலை இரண்டாம் தேதி கூடியது. வடிப்பதற்கான காரணத்தை எழுத்தில் தராதது நிர்வாகத்தின் குறை என்றும், அனுமதி இல்லாமல் முறையை மாற்றியது சமையற்காரரின் தவறு என்றும் எழுதியது. அண்ணி பதினைந்து நாள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நான்காம் மாடிச் சமையல் நாத்தனாரிடம் கொடுக்கப்பட்டது. ஜூலை பதினெட்டாம் தேதி முதல் அண்ணி காய் நறுக்கும் பகுதியில் வேலை செய்கிறார்.